கெங்கம்மா தூங்குன எடம்

தொடு சார், தொடு. தொட்டா ஒண்ணும் ஆவாது. போர்டுல தொடாதேன்னு போட்டுக்கீது, அத்தப் படிச்சிட்டு கைய நீட்றதும் இஸ்துக்கறதுமா அஞ்சு நிமிஷமா நிக்கிறியே, பாவமா கீது. அந்த போர்டு மாட்டுனது கொடோன் ஓனரு. செலைங்கள செஞ்சவங்க மகிழினிம்மா. அவுங்களே சொல்ட்டாங்க, திருமலை, தொட்றவங்கள தடுக்காத, வெண்கலம் ஜனங்க கை பட்டாத்தான் பளபளன்னு வரும்னு. தோ, இந்த ஆளு தொப்பயப் பாரு. ரெண்டு மாசம் முன்னாடி வந்து எறங்கறப்ப கருப்பா கெடந்துச்சி. இப்ப பாரு, கல்யாண வூட்டு குத்துவெளக்காட்டம். எல்லாம் இந்த ஏரியா பொம்பளைங்க கை.

எங்கேர்ந்து வர்ற? அடையாறா? அடேங்கப்பா, அப்ப ரெண்டு பஸ் மாறிக்கீற. இவ்ளோ தூரம் ராயபுரத்துக்கு வந்துட்டு தலய சாய்ச்சி சாய்ச்சி பாக்கறியே, கழுத்து சுளுக்கிக்கும். கோச்சிக்காத. வர்றவங்க எல்லாரும் அப்டித்தான் பாக்கறாங்க. இந்தப் பக்கம் ஒரு தபா, அந்தப் பக்கம் ஒரு தபா, அப்பால ரெண்டு அடி பின்னால போய் கண்ண சுருக்கறது. பின்னால போறப்ப மட்டும் பாத்துப் போ. போன வாரம் ஒர்த்தரு கண்ண சுருக்கிகினே போய் அந்தக் கவுந்த படகு மேல குந்திட்டாரு. கைல நோட்டு வேற வெச்சினு இருந்தாரு. பேப்பர்ல எழுதறவராம்.

இது இன்னான்னு கேக்கறியா? சீட்டு ஒட்டிக்கீதே, படிக்கலியா? நீரில் கெடப்பவன். ஆளு தண்ணில மல்லாக்க மெதக்கறான். மூஞ்சி, தொப்ப, ரெண்டு முட்டி, கால் வெரலு. அஞ்சு துண்டு. மீதி ஆளு எங்கன்னா, தரைக்குள்ள. இந்த சிமெண்ட்டு தரதான் தண்ணின்னு நாம நெனச்சிக்கணும். எனுக்கும் மொதல்ல புரில. புரிஞ்சப்பால பாத்தா மெய்யாலுமே மெதக்கறான் சார். மெழுகுல செய்வாங்களாம், அதும்மேல மண்ணப் பூசி சுட்டா மெழுகு ஒழுகிப் பூடுமாம், மெழுகு இருந்த சந்துல வெண்கலத்தக் காச்சி ஊத்துவாங்களாம். தட்டிப் பாரு. கேட்டியா? உள்ள ஒண்ணும் இல்ல, கூடு.

மொத்தம் பதினோரு செலை. எல்லாமே தண்ணியாண்ட ஓய்வு எடுக்கறவங்க. குடத்துல கன்னத்த வெச்சிகினு தூங்கற பொம்பள, படகுக்கு அடில கால நீட்னு படுத்துக்கீறவன், நங்கூரக் கயித்து மேல சுருண்டுகினு கீற நாயி. இந்த வருஷத்துல போயி தண்ணின்னு ஒரு கண்காட்சி. ஏரியெல்லாம் வெடிச்சிக் கெடக்குது, பசங்க உள்ள எறங்கி கிரிக்கெட்டு ஆட்றானுங்க. தண்ணி லாரி வந்தா குடத்தாலயே அட்சிக்கிறாங்க. இங்க வெண்கலத்துல ஒர்த்தன் சோக்கா மெதந்துகினு கீறான். நானே மகிழினிம்மாகிட்ட கேட்டேன், இன்னா மேடம், எங்க ஜனத்த வெறுப்பேத்த வந்தீங்களான்னு. சிரிச்சிட்டாங்க. நல்ல மனுசி.

மொத நாளு நடந்தத சொல்றேன் கேளு. அவசரமா போவணுமா? இல்லல்ல? குந்து அப்ப.

இந்த கொடோன் பின்னால ஒரு அடிபம்பு கீது. இந்த ஏரியா பூரா பூமித் தண்ணி ஒண்ணு உப்பு, இல்லாங்காட்டி எண்ண வாட. இந்த ஒரு பம்புதான் வாய்ல வெக்கற மாதிரி. சந்துப் பக்கம் கேட்டு துருப்புடிச்சி இறுகிப் போச்சி. அதனால பம்புக்குப் போவணும்னா இந்த ஹால் வழியாத்தான் போவணும். கண்காட்சி ஆரம்பிக்கறப்ப ஓனரு என்னக் கூப்ட்டு சொன்னாரு, திருமலை, ஒரு பொம்பளகூட குடத்தத் தூக்கினு உள்ள வரக்கூடாது, பெரிய பெரிய ஆளுங்க வருவாங்கன்னு. செரின்னு லத்தியப் புடிச்சிகினு வாசல்ல நின்னேன். வருது ஒரு பொம்பள. அம்பது வயசு இருக்கும். ஒரு பச்ச குடம், ஒரு ஆரஞ்சி குடம். கெங்கம்மா. அப்ப பேருகூட தெரியாது.

யோவ் வாச்சுமேனு, வழிய உடுன்னுச்சி. முடியாதும்மா, உள்ள செலைங்க கீதுன்னேன். செலைங்களுக்கா காவல்? எழுந்து ஓடிப்பூடுமான்னுச்சி. ஓடாதுன்னேன். நான் தூக்கினு ஓட முடியுமான்னுச்சி. ஒண்ணு ஒண்ணும் அரை டன்னுன்னேன். அப்ப இன்னாத்துக்கு நீ நிக்கிற, நவுருன்னுச்சி. நான் ஆர்பர்ல இருவத்தெட்டு வருஷம் கப்பல் மூட்ட தூக்குனவன் சார். சூப்ரவைசரு, போலீஸ்காரன், யூனியன்காரன் எல்லார்கிட்டயும் வாய் குட்த்துக்கீறேன். இந்தப் பொம்பள சொன்னதும் லத்திய கக்கத்துல வெச்சிகினு நவுந்துட்டேன்.

உள்ள போன ரெண்டாவது நிமிஷம் ஒரே கத்தல். அய்யய்யோ ஆள வெட்டிப் போட்டுக்கீறாங்கடோய்ன்னு. இன்னான்னு பாத்தா, இந்த மெதக்கறவன்தான். மூஞ்சி தனியா, தொப்ப தனியா, காலு தனியா கெடந்தா அது இன்னான்னு நெனைக்கும்? மகிழினிம்மா பின்னால ரூம்லேர்ந்து ஓடியாந்து, பயப்படாதம்மா, தண்ணில மெதக்கறாரு, மீதி உடம்பு தண்ணிக்குள்ள கீதுன்னு சொன்னாங்க. கெங்கம்மா குடத்த எறக்கி வெச்சிட்டு ரொம்ப நேரம் பாத்துச்சி. அப்பால சொல்லுச்சி, தண்ணியே இல்லாம மெதக்கறானே, இவன் நம்ப ஆளுதான்னு. மகிழினிம்மா வுழுந்து வுழுந்து சிரிச்சாங்க. அன்னிலேர்ந்து பம்பு எல்லாருக்கும் தொறந்து உட்டாச்சு. ஓனருகிட்ட அவுங்களே பேசிக்கிட்டாங்க.

அதுக்கப்பறம் பாரு, டெய்லி நாப்பது பொம்பளைங்க இந்த ஹால் வழியா. போறப்ப வெறுங்கொடம், வர்றப்ப ரொம்புன கொடம். சீட்டுல இன்னா பேரு போட்டா இன்னா, அதுங்களே பேரு வெச்சிடுச்சிங்க. இவன் தொப்பையப்பன். படகுக்கடில கீறவன் குடிகாரன். குடத்துல தூங்கறவ சோம்பேறி சொர்ணா. ஒர்த்தி அந்த சொர்ணாவ தட்டி, எழுந்திருடி லாரி வந்திட்சின்னுட்டுப் போவா. உன்ன மாதிரி ஆளுங்க கைய பின்னால கட்டிகினு பாத்துகினு இருப்பீங்க, நடுவுல ஒர்த்தி இடுப்புல கொடத்தோட ஓரம் ஓரம்னு கத்திகினு வருவா. ஒரு வெள்ளக்காரரு இதுவும் கண்காட்சில ஒரு ஐட்டம்னு நெனச்சி கை தட்டிட்டாரு.

ஆமா, கெங்கம்மா கதைக்கு வர்றேன். நீதான் கேக்கற, நான்தான் வழி மாறிப் போறேன்.

அதோட வூட்டுக்காரரு வரதன். ஆர்பர்ல கிரேன் ஓட்டுனவரு. எனுக்குப் பழக்கம்னு சொல்ல முடியாது. அவரு மேல, நான் கீழ. அண்ணாந்து பாத்து கை ஆட்டுனா அவரும் ஆட்டுவாரு, அவ்ளோதான். மூணு வருஷம் முன்னால வாதம் வந்து ஒரு பக்கம் வுழுந்துடுச்சி. பேச்சு போச்சு. பெட்டுலயே எல்லாம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தபா பொரட்டிப் போடணும், இல்லாங்காட்டி முதுகுல புண்ணு வந்துடும். பகல்ல சரி, ராத்திரிலயும் அதே கதன்னா யோசிச்சிக்கோ. புள்ளைங்க இல்ல. பென்ஷன் வருது, சாப்பாட்டுக்குக் கஷ்டமில்ல. தூக்கம்தான் இல்ல. மூணு வருஷமா அந்தப் பொம்பள சேந்தாப்புல ரெண்டு மணி நேரம் தூங்குனது கெடையாது. தண்ணியும் அதுக்குத்தான் அவ்ளோ வேணும். துணி தொவைக்க, அவருக்கு உடம்பு தொடைக்க.

ஒரு நாள் மத்தியானம் பம்புல லைன் பெருசு. கொடத்த வரிசைல வெச்சிட்டு, இங்க வந்து தொப்பையப்பன் பக்கத்துல தரைல குந்துச்சி. இந்த எடம் குளுகுளுன்னு கீது பாரு, கல்லு செவுரு, மேல ஓட்டு சந்துல காத்து வரும். வெண்கலமும் ஜில்லுனு இருக்கும். அதும்மேல முதுக சாச்சிகினு இருந்துச்சி. பத்து நிமிஷம் கழிச்சிப் பாத்தா, சாஞ்சி தரைல படுத்து தூங்குது. நம்ப தொப்பையப்பன் ஒரு பக்கம், இது ஒரு பக்கம், ரெண்டும் ஒரே ஆத்துல மெதக்கற மாதிரி. எழுப்பலாம்னு பாத்தேன், மனசு வரல. அந்த நேரம் பாத்து உன்ன மாதிரி ஒரு சாரு வந்தாரு. கெங்கம்மாவ சுத்திச் சுத்தி வர்றாரு. தல சாய்க்கறாரு. குனிஞ்சி தரைல தேடறாரு. இன்னா சார் தேடறீங்கன்னேன். இதுக்கு சீட்டு எங்க, பேரு போடலியேன்னாரு. பேரு கெங்கம்மா சார், மெதுவா பேசுங்க, எழுந்துச்சின்னா ஏசும்னேன். மனுஷன் அப்டியே நவுந்துட்டாரு.

மெய்யாத்தான் சார். பீலா உடல.

மகிழினிம்மாவும் பாத்துட்டாங்க. தெரத்தல. மறுநாளு ஒரு கோரப்பாய் வாங்கியாந்து குட்த்தாங்க. கெங்கம்மாவுக்கு ரோசம் வந்துடுச்சி, நான் இன்னா பிச்சக்காரியா ஓசிப் பாய்ல படுக்கறதுக்குன்னு. மகிழினிம்மா சொன்னாங்க, இல்லம்மா, நான் ஓய்வுன்னு பேரு வெச்சி இத்தினி செலை செஞ்சேன், வர்றவங்க எல்லாம் நின்னு பாத்துட்டு ஓடறாங்க, ஒர்த்தராவது இங்க மெய்யா ஓய்வெடுத்தாங்கன்னு இருக்கட்டுமேன்னு. அதுக்கப்பறம் டெய்லி ஏற்பாடாயிடுச்சி. பக்கத்து போர்ஷன்ல அஜீசான்னு ஒரு பொண்ணு. ரெண்டு மணிக்கு அது வந்து வரதன் பக்கத்துல குந்திக்கும். கெங்கம்மா கொடத்தோட இங்க வரும், படுக்கும். சாயந்திரம் பள்ளிவாசல்ல பாங்கு சொன்னா அஜீசா கெளம்பணும். தொழணும், பசங்க ஸ்கூல் உட்டு வரும், அடுப்பு பத்த வெக்கணும். அதனால பாங்கு சொன்னதும் எழுப்பி உட்டுடு வாச்சுமேனு, நான் தண்ணி புட்சினு ஓடிப்பூட்றேன்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் படுக்கும். நாலே காலு, நாலரைக்கு பாங்கு. பொம்பளைய தொட்டு எழுப்ப முடியுமா? நான் இந்த ஷட்டர் சாவியால தொப்பையப்பன் கால் கட்ட வெரல்ல ஒரு தட்டு தட்டுவேன். டங்குனு கேக்கும். எழுந்துடும்.

நல்லா கொறட்ட உட்டியேன்னு சொல்லுவேன் நானு. நானா, இதோ இந்தத் தொப்பையப்பன் உட்டுருப்பான், அவன் வாயக் கேளுன்னு கெங்கம்மா சொல்லும். டெய்லி இதே சண்டதான். நான் ஒரு நாள் நாலு பேரு எதிர்ல, கொறட்டைல ஓடு கழண்டு வுழுது, ஓனரு உன் மேல கேஸ் போடப் போறாருன்னேன். அது திரும்பி, ஒனக்கு சம்பளம் குடுக்கறது நிக்கறதுக்கு, நீ ஸ்டூல்ல குந்தினு தூங்கறத நான் படுத்துகினே பாத்துக்கீறேன், யாரு மேல மொதல்ல கேஸுன்னுச்சி.  சிரிக்காத சார்.

ஒரே மாசத்துல அந்தம்மா மூஞ்சி மாறிப்போச்சி. கண்ணுக்கடில கருப்பா இருந்தது போச்சி. வூட்டுக்குப் போனதும் வரதன்கிட்ட எல்லாம் சொல்லுமாம். இன்னிக்கு செலைய யாரு பாக்க வந்தாங்க, யாரு எங்க முட்டிக்கிட்டாங்க, வாச்சுமேன எப்டி மடக்குனேன், எல்லாம். அவரு பாதி வாயால சிரிப்பாராம். அவரும் சின்ன வயசுல காசிமேட்டு கடல்ல இப்டித்தான் மல்லாக்கப் படுத்துக் கெடப்பாராம். கல்யாணம் ஆன புதுசுல இது கரைல நின்னு, ஆளு பூட்டான்னு அழுதுக்கீது, அவரு ஒரு கண்ண மட்டும் தொறந்து பாப்பாராம். அத்த சொல்லி சொல்லி சிரிக்கும். அதனால ஒரு நாளு அவர இங்க இஸ்தாந்து இந்த செலைய காட்டணும்னு ஆசப்பட்டுச்சி. மீன்பாடி வண்டில மெத்தய போட்டு கொண்டாந்துடலாம், நாலு பேரு புடிச்சா எறக்கிடலாம்னு நான்தான் ஐடியா குட்த்தேன். ஞாயித்துக்கெழமன்னு முடிவாச்சி. மகிழினிம்மாவும் அன்னிக்கு இருக்கறேன்னாங்க.

வியாழக்கெழம அவரு போய்ட்டாரு.

ஆமா சார். அந்த வாரமே.

அன்னிக்கும் கெங்கம்மா இங்கதான் தூங்கிச்சி. எழுந்து, பம்புல ரெண்டு கொடமும் புட்சிகினு போச்சி. அஜீசா பாங்கு சொன்னதும் எப்பயும் மாதிரி கெளம்பிடுச்சி. ரெண்டு ஸ்பூனு கஞ்சித் தண்ணி குட்த்துட்டு, தோ வந்துடும் மாமான்னு சொல்லிட்டுத்தான் போச்சாம். அவரு வாசலப் பாத்துகினு இருந்தாருன்னு சொல்லுச்சி. கெங்கம்மா உள்ள நொழையறப்ப உடம்பு சூடு ஆறல. கண்ணு வாசல் பக்கம் தொறந்தே இருந்துதாம். அந்த ரெண்டு கொடத் தண்ணிலதான் அவரக் குளிப்பாட்டுனாங்க. நானும் போயிருந்தேன். பாடைல ஒரு பக்கம் தோள் குட்த்தேன். ஆர்பர்ல தூக்குனது எல்லாம் பாரமே இல்ல சார்.

பதினாறாம் நாளு காரியம் முடிஞ்சி மறுநாளு கெங்கம்மா இங்க வந்துச்சி. கொடம் இல்ல. அந்தப் பாய சுருட்டி எடுத்துகினு வந்து குட்த்துச்சி. குந்தும்மான்னேன், குந்தல. நின்னுகினே சொல்லுச்சி. தப்பு எம்மேலதான் வாச்சுமேனு. நீ கரீக்டா எழுப்பி உட்டுட்ட. பாங்கு சொன்னதும் எழுப்பிட்ட. நான் அப்டியே ஓடிப்போயிருக்கணும். ரெண்டு கொடம் தண்ணிக்கு ஆசப்பட்டு லைன்ல நின்னேன். ஞாயித்துக்கெழம வண்டி வருது, அவர செலை பாக்க இஸ்தாரப் போறேன்னு நாலு பேருகிட்ட வாயடிச்சிகினு இருந்துட்டேன், நேரம் போனதே தெரில. வூட்டுக்குப் போறப்ப அஞ்சரை ஆயிடுச்சின்னு சொல்றாங்க. ஒரு மணி நேரம் அந்த மனுஷன் ஒண்டியா வாசலப் பாத்துகினு இருந்துக்கீறாரு. உன் மேல ஒரு குத்தமும் இல்லய்யா, நீ நல்லா இருன்னு கையெடுத்துக் கும்பிட்டுப் போச்சி.

கும்பிட்டுச்சி சார் என்ன.

அதுக்கப்பறம் இந்தப் பம்பு பக்கமே வர்றதில்ல. லாரித் தண்ணிதான், அதுவும் ஒரு கொடம். அஜீசாவ நடுவுல பாத்தேன். ராத்திரியெல்லாம் முழிச்சிகினே குந்தினு கீது அண்ணே, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தபா எழுந்து கட்டிலாண்ட போய் நிக்குது, பொரட்டிப் போட ஆளு இல்லன்னு அதுக்கு அப்பத்தான் ஞாபகம் வருதுன்னுச்சி. பகல்ல படுன்னா, படுத்ததுலயா தப்பு, லைன்ல நின்னதுலதான் தப்புன்னு சொல்லுதாம். ரெண்டு கொடத்தையும் கவுத்துப் போட்டு வெச்சிக்கீதாம். மூஞ்சி பழைய மாதிரி ஆயிடுச்சி. இல்ல, அதவிட மோசம்.

நீயும் அத்தயே சொல்ற. போற உசுரு, யாரு நின்னாலும் போயிருக்கும்னு. டாக்டரும் வாதம் வந்தப்பவே கெடு சொல்ட்டாராம். எனுக்கு அது தெரியாதா? மகிழினிம்மாவும் அப்டித்தான் சொன்னாங்க. உசுரு போறத யாரு தடுக்க முடியும். ஆனா பக்கத்துல ஒரு ஆளு குந்தினு கைய புட்சிகினு இருக்கறது வேற, வாசலப் பாத்துகினு போறது வேற. மூணு வருஷம் கண்ணு மூடாம பாத்துகினவ, கடசி ஒரு மணி நேரம் இல்லாமப் பூட்டாளேன்னா, அந்த நெனப்பு கெங்கம்மாவ வுடாது. யாரு இன்னா சொன்னாலும் அது காதுல ஏறாது.

இன்னிக்கு கண்காட்சி கடசி நாளு. நாளைக்குக் காலைல பெரிய வண்டி வந்து பதினொண்ணையும் ஏத்தினு போவுது. மகிழினிம்மா ஆளு உட்டு சொன்னாங்க, கெங்கம்மா ஒரு தபா வந்து பாத்துட்டுப் போவட்டும்னு. மூணு மணிக்கு வர்றேன்னு சொல்லி அனுப்பிக்கீது. மணி இன்னா இப்ப? மூணாவப் போவுதா.

அந்த வியாழக்கெழம லைன் இல்ல சார்.

அதாவது இருந்துச்சி, நாலஞ்சி பேரு. பத்து நிமிஷத்துல ரெண்டு கொடமும் ரொம்பிடுச்சி. நான்தானே வாசலாண்ட நின்னுகினு கீறேன், எனுக்குத் தெரியாதா? பாங்கு சொன்னப்ப நான் எழுப்பல. எழுப்பத்தான் வந்தேன். அன்னிக்கு முந்தின ராத்திரி அவருக்கு இருமலு, அது விடிய விடிய கண்ணு மூடல, வர்றப்பவே தள்ளாடிகினுதான் வந்துச்சி. நான் கிட்ட வந்து பாக்கறேன், தூக்கத்துல சிரிச்சிகினு கீது. கனவு எதுனா வந்துதோ இன்னாவோ. அந்த மூஞ்சப் பாத்துட்டு எவன் எழுப்புவான்? ஒரு அஞ்சு நிமிஷம்னு நெனச்சேன். அஞ்சு போச்சி, பத்து போச்சி. நல்லது பண்றேன்னுதான் நெனச்சிகினு நின்னேன். அஞ்சு மணி தாண்டித்தான் எழுப்புனேன். பதறி எழுந்து, பாங்கு சொல்ட்டாங்களான்னுச்சி. இப்பத்தான் சொன்னாங்கன்னேன்.

அவ்ளோதான் சொன்னேன். பயந்துக்கப்போவுதேன்னு.

கும்பிட்டப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல. காத்தாலேர்ந்து அஞ்சாறு பேரு வந்துட்டுப் போனாங்க, ஒர்த்தர்கிட்டயாவது ஆரம்பிச்சிப் பாக்கலாம்னு பாத்தேன், செலை பத்தி பேசறதோட நின்னுடுச்சி. நீ குந்துன்னா குந்திகினே. அடையாறுக்காரன், இனிமே இந்தப் பக்கம் வரப்போறதில்ல. அதான் உன்கிட்ட சொல்லிப் பாத்தேன், முழுசா வெளிய வருதான்னு.

வருது.

தோ, கேட்டாண்ட, பச்சப் பொடவ. அதான் கெங்கம்மா. நீ அந்தக் கோடில கீற செலைங்கள இன்னும் பாக்கலியே, போய்ப் பாரு சார். மெதுவாவே பாரு.